ஒட்டுமொத்தமாவா, ஒவ்வொண்ணாவா?

“சாப்பாடு எப்படிம்மா கீது?” என்று கேட்டால்கூட அந்த அக்கா உடனே பதில் சொல்லமாட்டார். வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டு, கேட்டவரை ஆர்வமாகப் பார்ப்பார்.

“ஒட்டுமொத்தமா கேக்கீங்களா, ஒவ்வொண்ணா கேக்கீங்களா?”

கேட்டவர் எங்கள் கம்பெனி கேன்டீன் மாஸ்டர். பாவம், மரியாதைக்குக் கேட்டிருப்பார். “ஒட்டுமொத்தமாத்தான்மா” என்றால், “நல்லாருக்கு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கிவிடுவார். தெரியாத்தனமாக “ஒவ்வொண்ணாத்தான் சொல்லேன்” என்றுவிட்டால் போச்சு. “சோறு சரி. சாம்பார் சரி. பொரியல் இல்ல. ரசம் சரி. அப்பளம் இல்ல. மோர் சரி” என்று விரல்களை நீட்டியும் மடக்கியும் காட்டுவார். “இல்ல” என்றால் நன்றாக இல்லை என்று அர்த்தம். குரலில் கோபமோ கிண்டலோ ஒரு துளி இருக்காது. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிறவர் மாதிரிச் சொல்வார்.

மாஸ்டர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகையில், “இந்தம்மாகிட்ட மாட்டறதுக்கு வூட்டுக்குப் போய் எம் பொண்டாட்டிகிட்டயே மாட்டிக்கலாம்” என்று முணுமுணுப்பார். ஆனால் மறுநாள் அப்பளம் மொறுமொறுப்பாக இருக்கும். அதை முதலில் அக்கா தட்டில்தான் வைப்பார்.

பிள்ளைகளா, இதை இப்போது எழுதக் காரணம் நம் பெரியவள். போன வாரம் கம்ப்யூட்டர் பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு சலித்துக்கொண்டாள். ‘இதுவும் அதுவும்’ என்று கம்ப்யூட்டரிடம் சொல்ல ஒரு குறி உண்டாம். அதை ஒற்றையாகப் போட்டால் ஒரு அர்த்தமாம், இரட்டையாகப் போட்டால் வேறு அர்த்தமாம். “எதுக்குப்பா ரெண்டு? மனப்பாடம்தான் பண்ணணும்” என்றாள். நான் ஐ.டி.ஐ. படித்த எலக்ட்ரீசியன். கம்ப்யூட்டரைத் துடைக்கச் சொன்னால் துடைப்பேன், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒற்றைக்கும் இரட்டைக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். அந்த வித்தியாசம் புரியாமல்தான் உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் கல்யாணமே நின்றுபோக இருந்தது. நிற்கவிடாமல் செய்தவர் இந்த அக்கா. பேரை எழுதவில்லை. கேட்காமல் எழுதுவது சரியில்லை, கேட்கலாம் என்றால் அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுப்பகுதி. தண்டலம் பக்கம் பெங்களூர் ரோட்டை ஒட்டி எங்கள் கம்பெனி. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லை. அக்கா தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டார். அவர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். மிஷின்களுக்கு மூளை வைப்பதற்காக அவரை வேலைக்கு எடுத்திருந்தார்கள். மூளை என்றால் ஒரு பலகை; அதன் நடுவில் மரவட்டை மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்த ஒரு கறுப்புச் சில்லு. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று வரி வரியாக எழுதிக் கொடுப்பது அவர் வேலை. எஞ்சினியர்கள் அவரை மேடம் என்றார்கள். லைனில் வேலை செய்த பெண்கள் அக்கா என்றார்கள். எனக்கும் அக்காதான்.

அவருக்கு எட்டு விரல்தான் கணக்கு. கட்டை விரல்களுக்கு வேலை கிடையாது, அவை எப்போதும் மடங்கியே இருக்கும். “இந்தச் சில்லுக்கு ஒரு நேரத்துல எட்டு சங்கதிதான் ஞாபகம் இருக்கும் தம்பி. ஒவ்வொண்ணும் ஆமா, இல்லன்னா இல்ல. ஆமான்னா ஒண்ணு, இல்லன்னா சைபர்” என்பார். நீட்டிய விரல் ஒன்று, மடக்கிய விரல் சைபர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி மடியில் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டே வருவார். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏதோ ஜபம் பண்ணுகிறார் என்று ஒதுங்கி உட்காருவார்கள்.

கம்பெனி வாசலில் ஒரு டீக்கடை இருந்தது. அக்காவுக்கு டீயும் வேண்டும், பன்னும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் பெஞ்சில் உட்காருவார். தூரத்தில் வரும்போதே, “அண்ணாச்சி, பால் வந்தாச்சா?” என்று குரல் கொடுப்பார். “இன்னும் வரலக்கா” என்று பதில் வந்தால் போதும். அடுத்த அடி எடுத்து வைக்காமல் அப்படியே திரும்பிவிடுவார்.

கடைக்காரருக்குப் பொறுக்காது.

“யக்கா! பன்னு இப்பத்தான் வந்து எறங்கிச்சு! சூடா கீது! அதையும் ஒரு வார்த்த கேளேன்!”

“டீ இல்லன்னு ஆனப்புறம் பன்னைக் கேட்டு என்னத்துக்கு? பன் இருந்தாலும் நான் உக்காரப் போறதில்ல. இல்லாட்டாலும் உக்காரப் போறதில்ல.”

“கேட்டா இன்னாக்கா கொறஞ்சா பூடுவ?”

“கேக்குத நேரம் குறையும்லா அண்ணாச்சி!”

முதல் கேள்விக்கே ‘இல்லை’ வந்துவிட்டால் இரண்டாவதைக் கேட்கவே வேண்டாம். இரட்டைக் குறியின் குணம் இதுதானாம். கடைக்காரர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு நாள் பால் வரவில்லை. அக்கா சாலையைத் தாண்டுவதற்கு முன்பே, அவர் வாய் திறப்பதற்கு முன்பே, ஸ்டூல் மேல் ஏறி நின்று, “பன்னு கீது! பன்னு கீது!” என்று கத்தினார். அக்கா நடுரோட்டில் நின்றுவிட்டார். “வரிசையை மாத்திப்புட்டியளே!” என்று சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, டீ இல்லாமலே இரண்டு பன் தின்றார். கடைக்காரர் அன்று முழுக்க அந்தக் கதையை லாரிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்ரீபெரும்புதூரில் அவர் வாடகைக்கு இருந்த மாடி வீட்டுக்கு வயரிங் செய்தது நான்தான். அந்தத் தெருவில் மாடிப்படிக்கு இரண்டு சுவிட்ச் வைத்தது அந்த வீட்டில்தான் முதல் தடவை. கீழே போட்டுவிட்டு மேலே ஏறிப்போய் அணைக்கலாம். மேலே போட்டுவிட்டுக் கீழே வந்து அணைக்கலாம். வேலை முடிந்த சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு தடவை போட்டுப் பார்த்தார். மறுபடி போட்டார். பிறகு என்னைக் கீழே நிற்க வைத்துவிட்டு அவர் மேலே போய் நின்றுகொண்டார்.

“இப்ப நீங்க அமுக்குங்க தம்பி. சரி. இப்ப நான். சரி. இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து!”

விளக்கு எரிந்தது, அணைந்தது, மூன்றாவது தடவை ஒரு கணம் மினுக்கிவிட்டு அணைந்தே நின்றது. வீட்டுக்கார அம்மா முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“இன்னாம்மா இது கூத்து? பல்பு பூடும்மா!”

“அம்மா, இங்க பாருங்க! ரெண்டு சுவிட்சும் ஒரே பக்கம் சாஞ்சா அணையுது. ஒண்ணுக்கொண்ணு எதிர்ப்பக்கம் சாஞ்சா எரியுது. இத எங்க பாஷையில எக்ஸார்னு சொல்லுவோம். உங்க வீட்டு மாடிப்படி கணக்குப் போடுதும்மா!”

“போடட்டும். நீ எறங்கி வந்து காப்பித்தண்ணி குடி.”

அப்படிச் சொன்ன அம்மாதான், அதற்குப் பிறகு யார் வீட்டுக்கு வந்தாலும் படிக்குக் கீழே நிறுத்தி, “எங்க வூட்டு மாடிப்படி கணக்கு போடும், பாக்கறியா?” என்று போட்டுப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை நான் போய் பல்பு மாற்றினேன்.

அக்காவின் ஒட்டுமொத்தம் – ஒவ்வொன்று கேள்வி, மனிதர்களிடமும் செல்லும். எங்கள் ஷிப்டில் ஒரு சூப்பர்வைசர். வாயைத் திறந்தால் கத்தல்தான். ஒரு நாள் லைனில் இருந்த பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் உங்கள் அம்மாவும் ஒருத்தி.

“யக்கா, நீ படிச்சவ. சொல்லு. அந்தாளு நல்லவனா, கெட்டவனா?”

“அதுக்கு ஒட்டுமொத்தமா பதில் கிடையாது ஏட்டி. ஒவ்வொண்ணா கேளு.”

அவர் மேஜையில் எட்டு சின்னச் சிவப்பு விளக்கு வரிசையாக வைத்த பலகை ஒன்று இருக்கும். சில்லின் ஞாபகத்தில் உள்ளதை அது காட்டும். எட்டையும் பார்த்தால் குழப்பும் என்பதற்காக, ஒரே ஒரு ஓட்டை போட்ட அட்டையை அதன்மேல் வைப்பார். எந்த விளக்கு வேண்டுமோ அது மட்டும் ஓட்டை வழியாகத் தெரியும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். அந்த அட்டையை எடுத்துக் காட்டினார்.

“அவரு கத்துதாரு. அது ஒரு விளக்கு. கம்பெனி பஸ்ஸை விட்டுட்டு நீங்க நின்னா, வேற வண்டி பிடிச்சு உங்களை ஏத்தி அனுப்புத வரைக்கும் தன் வீட்டுக்குப் போகாம நிக்காரு. அது ஒரு விளக்கு. அன்னைக்கு இந்த ஓட்டை வழியா அதை மட்டும் பாருங்க.”

“கத்தற அன்னிக்கு?”

“அன்னைக்கு அட்டையால காதை மூடிக்கோங்க.”

சிரிப்புச் சத்தம் கேட்டு அந்த சூப்பர்வைசரே ஓடி வந்தார். “இங்க இன்னா கூட்டம்? லைன் யாரு பாக்கறது?” என்று கத்தினார். எல்லாரும் ஒரே நேரத்தில் காதை மூடினார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இப்போது மிஷின் கதைக்கு வருகிறேன்.

பிளாஸ்டிக் பெட்டிக்குள் பாகங்களை வைத்து மேலே மூடியைச் சூட்டால் ஒட்டுகிற மிஷின் அது. சூடான ஒரு தகடு மேலிருந்து இறங்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெண் உட்காருவார். இடது பக்கம் உங்கள் அம்மா. வலது பக்கம் அவளுடைய சிநேகிதி. தகட்டுக்கு அடியில் கை மாட்டக் கூடாது. அதனால் இரண்டு பேரும் கையை வெளியே எடுத்துத் தங்கள் தங்கள் பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் இறங்க வேண்டும். அதுவரை நான் போட்ட வயரிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதற்கு மூளை வைத்து, தன் எட்டு விளக்குப் பலகையையும் அதோடு இணைத்தார். சோதித்துப் பார்க்கிற அன்று மேனேஜர் உட்பட எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

உங்கள் அம்மா அமுக்கினாள். முதல் விளக்கு எரிந்தது. சிநேகிதி அமுக்கினாள். இரண்டாவது விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து அமுக்கினார்கள். இரண்டு விளக்கும் எரிந்தன. தகடு அசையவில்லை.

“இன்னொரு மட்டம் அமுக்கு ஏட்டி” என்றார் அக்கா.

அமுக்கினார்கள். அசையவில்லை.

“ஒம் மூஞ்சியப் பாத்துட்டு எறங்க மாட்டேங்குது” என்றாள் சிநேகிதி.

உங்கள் அம்மா மிஷினை மேலும் கீழும் பார்த்தாள். “தனித்தனியா அமுக்கினா வெளக்கு போட்டு சிரிக்குது. ரெண்டு பேரும் சேந்தா மட்டும் இதுக்கு ரோஷம் வந்துடுது” என்றாள்.

நான் அவளை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

மேனேஜர் என் பக்கம் திரும்பி, “வயரிங்கைப் பாருப்பா” என்றார். பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அதற்குள் அக்கா கண்ணை மூடிக்கொண்டு விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று கண்ணைத் திறந்து, “ஏட்டி, உன் கையை நீட்டு” என்றார்.

உங்கள் அம்மா எட்டு விரலை நீட்டினாள்.

“நீ அமுக்குனா மொத விளக்கு மட்டும் எரியும். அப்ப உன் மொத விரல் மட்டும் நிக்கட்டும், மத்ததை மடக்கு. அவ அமுக்குனா ரெண்டாவது விளக்கு மட்டும் எரியும். அவளுக்குப் பதிலா நான். என் ரெண்டாவது விரல் மட்டும் நிக்குது. இப்ப ரெண்டு பேர் கையையும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி வைப்போம். மொத விரலுக்கு மொத விரல், ரெண்டாவதுக்கு ரெண்டாவது. நீட்டுன விரலோட நீட்டுன விரல் எங்கயாவது முட்டுதா?”

“எங்க முட்டும்? ஒன்னுது வேற எடத்துல நிக்குது, என்னுது வேற எடத்துல நிக்குது.”

“முட்டலன்னா மிஷினுக்கு சைபர். சைபர்னா ‘இல்ல’.”

“இது இன்னாக்கா நாயம்? நானும் ஆமான்றேன், அவளும் ஆமான்றா. அப்பாலிக்கா இன்னாத்துக்கு இல்லன்னுது?”

“ஏன்னா, நான் அதுகிட்ட ஒட்டுமொத்தமா கேக்க வேண்டியதை ஒவ்வொண்ணா கேட்டுப்புட்டேன்!”

சொல்லிவிட்டு அக்கா கைதட்டிச் சிரித்தார். தப்பு செய்துவிட்டு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை. மேனேஜருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. “வயர்ல தப்பு இல்ல சார், தம்பி மேல தப்பு இல்ல, எல்லாம் நான் எழுதுனதுலதான்” என்று அவரிடம் சொன்னார். பிறகு உட்கார்ந்து வரிகளை மாற்றினார். இந்தப் பக்கத்துக்காரி ‘ஆமாம்’ என்றாளா, எந்த இடத்தில் சொன்னாலும் சரி. சொன்னாள் என்றால், அந்தப் பக்கத்துக்காரி சொன்னாளா? இரண்டும் ஆமாம் என்றால் இறக்கு. மறுபடி பட்டனை அமுக்கினதும், புஸ்ஸென்று காற்று விட்டுக்கொண்டு தகடு இறங்கியது. பெண்கள் விசிலடித்தார்கள்.

பெரியவளே, உன் ஒற்றைக் குறி விரலோடு விரலை ஒட்டிப் பார்க்கிறது. இரட்டைக் குறி இரண்டு பேரிடமும் ‘ஆமாவா, இல்லையா’ என்று மட்டும் கேட்கிறது. எது எந்த வேலைக்கு என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ரோஷக்காரியைப் பற்றி நான் மணிமங்கலத்தில் என் அம்மாவிடம் சொன்னேன். விசாரித்தார்கள். அவர்களும் நம்மைப் போலப் பயிர் வைக்கிற குடும்பம். வல்லக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். போய்ப் பெண் பார்த்தோம். பொருத்தம் பார்த்தோம். எல்லாம் சரி. கல்யாண மாதத்தில் வந்து நின்றது.

என் மாமா ஒருவர்தான் நடுவில் தூது போனார். பெண் வீட்டார் தை அல்லது மாசி என்றார்கள். எங்கள் வீட்டில் வைகாசி அல்லது ஆனி என்றார்கள். மாமா இங்கேயும் அங்கேயும் நடந்தார். ஒரு மாதமும் ஒத்துவரவில்லை. நாள் போகப் போகப் பேச்சு மாறியது. “அவங்களுக்குப் பொண்ணு குடுக்க இஷ்டமில்ல. மாசத்த சாக்கு சொல்றாங்க” என்றார் என் அம்மா. “மாப்ள வூட்டுக்காரங்களுக்கு மனசில்ல. வைகாசின்னு தட்டிக் கழிக்கிறாங்க” என்றார் உங்கள் அம்மாவழித் தாத்தா. அதற்குள் வாலாஜாபாத்திலிருந்து அவர் பெண்ணுக்கு வேறு ஒரு வரன் வந்திருந்தது. ரைஸ் மில் வைத்திருந்த வீடு. திங்கட்கிழமை வாக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

சனிக்கிழமை உங்கள் அம்மா பட்டனை அமுக்கின வேகத்தில், பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. அதைக் கழற்ற நான் ஸ்க்ரூ டிரைவரோடு போனேன். அக்காவும் வந்தார்.

“என்ன ஏட்டி, பட்டன்கிட்ட என்ன கோவம்?”

உங்கள் அம்மா எல்லாவற்றையும் கொட்டினாள். நான் குனிந்தபடி பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“நான் ஆமான்றேன். இதோ, இவரும் ஆமான்றாரு. எங்கப்பாவும் சரின்னாரு, இவங்கம்மாவும் சரின்னாங்க. அப்பாலிக்கா எப்டிக்கா ஆவாதுன்னு வரும்?”

அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். விரல்கள் தானாக நீண்டன. முகம் மலர்ந்தது.

“ஏட்டி, இது நான் பண்ணுன அதே தப்புல்லா! தம்பி, நாளைக்கு உங்க வீட்டாளுங்களை இவ வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. நான் கோயில் முடிச்சிட்டு நேரா அங்க வந்திருதேன்.”

என் அம்மாவைக் கிளப்பிக் கூட்டிவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அந்த வீட்டுக் கூடத்தில் இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நடுவில் மரியாதைக்கு வைத்த வெற்றிலைத் தட்டு. அதை யாரும் தொடவில்லை. அக்கா வெள்ளைச் சேலையில், பைபிளை மடியில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

“இந்தம்மா யாரு?” என்றார் உங்கள் தாத்தா.

“எங்க கம்பெனி அக்காப்பா” என்று உள்ளேயிருந்து உங்கள் அம்மாவின் குரல் வந்தது.

“நான் பேசி முடிக்க வரல மாமா. ஒரு சந்தேகம் கேக்கத்தான் வந்தேன். உங்க பக்கம் கல்யாணம் செய்யுத மாசம் எத்தனை?”

என் அப்பா சொன்னார்: “ஆடி, புரட்டாசி, மார்கழி ஆவாது. மிச்சம் ஒம்போது.”

“ஒம்போதா?” அக்காவின் முகம் வாடிவிட்டது. “எட்டுன்னா எனக்கு வசதி.”

மூலையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெரியப்பா, “ஐப்பசிய எடுத்துடும்மா. அடமழைல எவன் கல்யாணத்துக்கு வருவான்?” என்றார்.

“நல்லா இருப்பீங்க பெரியப்பா!”

தட்டிலிருந்து எட்டு வெற்றிலையை எடுத்துப் பாயில் வரிசையாக வைத்தார். தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆவணி, கார்த்திகை. “உங்களுக்குச் சம்மதமான மாசத்துல ஒரு பாக்கு வையுங்க” என்றார். தாத்தா தையிலும் மாசியிலும் வைத்தார். என் அம்மா வைகாசியிலும் ஆனியிலும் வைத்தார்.

“பாத்தியாம்மா?” என்றார் தாத்தா. “ஒரு எலைலயாவது ரெண்டு பாக்கு சேந்து கீதா?”

“இல்ல.”

“அப்ப ஆவாது.”

“நாங்களும் அதத்தான் சொல்றோம்” என்றார் என் அம்மா.

“பரவால்ல, இதுலயாவது ரெண்டு பேரும் ஒத்துப் போறீங்க” என்றார் பெரியப்பா.

அக்கா விடவில்லை. “ஒவ்வொண்ணா கேட்டா ஆகாதுதான். இப்ப ஒட்டுமொத்தமா கேக்கேன். மாமா, இந்த வரிசையில உங்க பாக்கு எங்கயாவது இருக்கா?”

“தோ கீதே” என்றார் தாத்தா.

“அப்ப கல்யாணத்துக்கு உங்களுக்குச் சம்மதம். அத்தை, உங்க பாக்கு?”

“கீது.”

“அப்ப உங்களுக்கும் சம்மதம். ரெண்டு வீட்டுக்கும் சம்மதம்னா, இஷ்டமில்லன்னு சொன்னது யாரு?”

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திரும்பி என் மாமாவைப் பார்த்தார்கள்.

“இன்னாத்துக்கு என்ன மொறைக்கறீங்க?” என்றார் மாமா. “நான் மாசத்த மட்டுந்தான் போய்ச் சொன்னேன். இஷ்டமில்லன்றத நீங்களா சேத்துக்கினீங்க.”

உங்கள் தாத்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“வைகாசி, ஆனில சொர்ணவாரிப் பயிரு வயல்ல நிக்கும்மா. அத வுட்டுட்டு பந்தல்ல வந்து உக்கார முடியாது. அதான் சொன்னேன். வேற ஒன்னும் மனசுல இல்ல.”

“எங்களுக்கும் இல்லீங்க” என்றார் என் அம்மா. “எம் பெரிய புள்ள மிலிட்டரில கீறான். தை, மாசில லீவு குடுக்க மாட்டாங்க. அவன் இல்லாம நான் எப்டி தம்பி கல்யாணத்த பண்ணுவேன்?”

அக்கா வரிசையில் மூன்றாவது வெற்றிலையை விரலால் தொட்டார்.

“பங்குனியில யாருமே பாக்கு வைக்கலியே. முடியாதுன்னு வைக்கலியா? இல்ல, சும்மா வைக்கலியா?”

“எங்களுக்கு இன்னா, பங்குனில வேலயே கெடையாது” என்றார் தாத்தா. “நெல்லு வூட்டுக்கு வந்துடும். நீங்க வைகாசின்னே நின்னீங்க, அதுக்கு முன்ன ஆவாதோன்னுதான் வைக்கல.”

“பங்குனிலயா? எம் பெரிய புள்ள தாராளமா வருவான்!” என்றார் என் அம்மா. “நீங்க வல்லக்கோட்டைக்கு உத்திரத்துக்குக் காவடி எடுக்கற குடும்பம். விரதத்துல கீறவங்ககிட்ட கல்யாணத்தப் பேசறதான்னு நாங்க வைக்கல.”

“விரதம் உத்திரத்தோட முடிஞ்சுடுமேம்மா! மறு முகூர்த்தத்துல வச்சா இன்னா?”

“வச்சா இன்னா?”

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் தட்டுக்குப் போய் இடித்துக்கொண்டன. பங்குனி இலையில் இரண்டு பாக்கு விழுந்தது. அக்கா கைதட்டினார். எட்டு விரலால் இல்லை, பத்து விரலாலும்.

“முடிஞ்சுதா? வெத்தல மாத்திக்கலாமா?” என்று என் மாமா எழுந்தார். அவருக்கு அன்றாவது நடக்காமல் உட்கார வேண்டும் என்றிருந்தது.

“இருங்க அண்ணாச்சி. இன்னும் ரெண்டு பேரைக் கேக்கல” என்றார் அக்கா. என்னைப் பார்த்தார். அவர் கேட்பதற்குள் “சரிக்கா” என்று சொல்லிவிட்டேன். கூடமே சிரித்தது. பிறகு உள்வாசல் பக்கம் திரும்பி, “நீ சொல்லு ஏட்டி” என்றார்.

உங்கள் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“எனக்குச் சரிக்கா. சீக்கிரம் மாத்தி முடிக்கச் சொல்லு. நாளைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு.”

உங்கள் தாத்தா வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் நான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே வெற்றிலைக்குக் கையை நீட்டினார். தட்டில் ஒன்றுகூட இல்லை. வீட்டில் இருந்த இலையெல்லாம் பாயில்தான் கிடந்தது. அதனால் தையிலிருந்து கார்த்திகை வரைக்கும் எட்டு மாதத்தையும் இரண்டு கையாலும் வாரித் தட்டில் போட்டு, என் அப்பாவிடம் நீட்டினார்.